றோலிங் மில் வாங்கப் போகும் மருமகனுக்கு

மருமகன்,

நீர் அனுப்பின வீடியோவை முழுக்கப் பார்த்தேன். செக்கச் சிவந்த இரும்புக் கட்டை உருளைகளுக்குள் போகிறது, அந்தப் பக்கம் நிற்கிறவர் குறட்டால் பிடித்துத் திருப்பி மறுபடி தள்ளுகிறார், கொஞ்ச நேரத்தில் அது நீளக் கம்பியாக வந்து நிலத்தில் கிடக்கிறது. கீழே, "மாமா, கரும்பு பிழியிற மெஷின் மாதிரித்தானே, பரந்தனில் ஒன்று போட்டால் என்ன" என்று கேட்டிருந்தீர். தமிழ்நாட்டில் ஒரு பழைய மில் விலைக்கு நிற்கிறது, கனடாச் சித்தப்பா காசு போடத் தயார், வன்னியில் பழைய இரும்புக்குக் குறைவில்லை. உம்முடைய கணக்கு இந்த மூன்றையும் நம்பித்தான் நிற்கிறது. இதற்குக் குரல் பதிவில் பதில் சொல்லி முடிக்க ஏலாது, அதோடு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இதே யோசனையோடு வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன்.

முதலே சொல்லி விடுகிறேன்: அந்த மில் வேண்டாம். உருளை உள்ள மெஷின் ஒன்று உம்முடைய பட்டறைக்குக் கட்டாயம் வேண்டும், ஆனால் அது வேறு மெஷின்.

இரும்போடு பிறந்து வளர்ந்த உமக்கு இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். ஆனாலும் அடித்து வளைக்கிற இரும்பும் உருட்டி நீட்டுகிற இரும்பும் ஒரே மாதிரி நடப்பதில்லை. கரும்பு மெஷினில் கரும்பு நசிந்து சாறு வெளியே போய்விடும். இரும்பில் வெளியே போக ஒன்றும் கிடையாது. தடிப்பில் குறைந்தது அவ்வளவும் நீளத்தில் கூடியே ஆக வேண்டும். 100 மில்லிமீற்றர் சதுரக் கட்டையை 12 மில்லிக் கம்பியாக்கினால் அதன் குறுக்குப் பரப்பு 10,000 சதுர மில்லிமீற்றரிலிருந்து 113க்கு இறங்குகிறது, அதாவது நீளம் 88 மடங்கு. ஆறு மீற்றர் கட்டை ஒன்று உள்ளே போனால் அரைக் கிலோமீற்றருக்கும் மேலே கம்பி வெளியே வரும், அதுவும் சிவந்தபடி, நிற்காமல். நீளம் கூடக்கூட வேகமும் அதே அளவுக்குக் கூட வேண்டும். அதனால்தான் பெரிய மில்களில் உருளைச் சோடிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் முந்தினதைவிட வேகமாகச் சுற்ற விடுகிறார்கள். நீர் பார்த்தது சின்ன மில். அங்கே சின்னக் கட்டைதான் போடுவார்கள், மூன்று உருளை ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும், கீழ் இரண்டுக்குள் போன கட்டை மேல் இரண்டுக்குள்ளால் திரும்பி வரும், மோட்டரை நிறுத்தி எதிர்ப்பக்கம் சுற்றத் தேவையில்லை. 1857இல் அமெரிக்காவில் ஜோன் ஃபிரிட்ஸ் என்பவர் தண்டவாளம் உருட்ட இந்த மூன்று உருளை முறையைப் போட்டார், இன்றைக்கும் சின்ன மில்களுக்கு அதுதான் வசதி.

அப்புறம், உருளை இரும்பைத் தள்ளுவதில்லை, உராய்வால் கவ்வி இழுக்கிறது. கட்டை அளவுக்கு மிஞ்சித் தடிப்பாக இருந்தால் உருளை கவ்வாது. கட்டை வாசலில் நின்று வழுக்கும், நெருப்புப் பொறி பறக்கும், உள்ளே போகாது. அதனால் ஒரே தரத்தில் நசிக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கலாம், ஒவ்வொரு தரத்துக்கும் உருளையில் ஒவ்வொரு வடிவத் தவாளிப்பு, அதாவது சுற்றிவர வெட்டின பள்ளம், வேண்டும்: பெட்டி, சாய்சதுரம், நீள்வட்டம், கடைசியில் வட்டம். நீள்வட்டமாக வந்த கம்பியைக் கால்வாசி திருப்பி நிமிர்த்தித்தான் அடுத்த வாயில் கொடுக்க வேண்டும். வீடியோவில் குறட்டோடு நிற்கிறவர் செய்வது அதுதான், விளையாட்டு வேலை என்று நினைக்காதேயும். முனை உருளை வாசலில் இருக்கிற வழிகாட்டிக்குள் போகாமல் இடறினால் பின்னால் வருகிற கம்பி நிற்காது, மேலே எழும்பிச் சுருளும். நான் கொழும்புப் பக்கம் மில்லில் நின்ற காலத்தில் புதுப் பொடியன்களுக்கு முதல் பாடம் மெஷினைப் பற்றியதல்ல, எந்த இடத்தில் நிற்கக் கூடாது என்பதுதான்.

இந்தத் தவாளிப்பு உருளைகளை இரும்புக்கு நன்றாகப் பயன்படுத்திப் பெயர் எடுத்தவர் இங்கிலாந்தில் ஹென்றி கோர்ட், 1783இல் காப்புரிமை எடுத்தார். உருளை அவருக்கு முன்னமே இருந்தது. பெரிய சம்மட்டி ஒரு பாளத்தை அடித்து முடிக்கிற நேரத்தில் உருளை பத்து இருபது பாளத்தை முடித்துவிடும் என்று சுவீடனில் பொல்ஹெம் என்பவர் அதற்கும் முதல் எழுதி வைத்திருக்கிறார். கோர்ட்டின் கதையை உமக்குச் சொல்லக் காரணம் வேறு. அவருடைய மெஷின் நன்றாக வேலை செய்தது. ஆனால் போட்ட காசு பங்காளியின் தகப்பன் கொடுத்தது, அந்த மனுசன் கடற்படைச் சம்பளக் கந்தோரில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், 1789இல் அவர் செத்த பிறகு பார்த்தால் அது அரசாங்கக் காசு. காப்புரிமையும் போய், கோர்ட் கடனாளியானார். மற்ற இரும்பு முதலாளிகள் அவருடைய முறையைச் சும்மா எடுத்து உருட்டிப் பணக்காரர் ஆனார்கள். சித்தப்பாவின் காசு நல்ல காசுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோர்ட்டை விழுத்தினது மெஷின் இல்லை, காசு வந்த வழி.

சரி, உம்முடைய கணக்குக்கு வருவோம். உருளையும் கியர்பெட்டியும் விலைக்கு வரும், லொறியில் ஏறும். உலை அப்படி வராது, அதை இங்கே செங்கல் செங்கலாகக் கட்ட வேண்டும். கட்டையை 1100 தொடக்கம் 1200 பாகை வரைக்கும் உள்ளும் புறமும் ஒரே சூடாக ஏற்ற வேண்டும். ஒரு தொன் உருக்கை அந்தச் சூட்டுக்குக் கொண்டு போக, ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டாலே, 220 அலகு மின்சாரத்துக்குக் குறையாத வெப்பம் வேண்டும். பழைய எண்ணெய் உலைகளில் பாதிக்கு மேல் புகைபோக்கியாலும் சுவராலும் போய்விடும். நீர் ஜெனரேற்றருக்கு டீசல் வாங்குகிற விலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாரும். அதற்கு மேல் மோட்டர், சின்ன மில்லுக்கே சில நூறு குதிரைவலு. கட்டை கவ்வுகிற கணத்தில் பாரம் ஒரேயடியாக ஏறும், அதைத் தாங்கத்தான் பக்கத்தில் ஆள் உயரத்துக்குப் பறப்புச்சில்லு என்கிற பாரச் சில்லு சுற்றுகிறது. மின்சாரக் கட்டணத்தில் உச்சத் தேவைக்கென்று, அதாவது ஒரு நேரத்தில் ஆகக் கூட இழுக்கிற மின்வலுவுக்கென்று, தனியாக ஒரு தொகை இருக்கிறது. சூட்டில் இரும்பின் மேல்தோல் கருகிச் செதிலாக உதிர்வது இன்னொரு நட்டம், நூறு கிலோ போட்டால் இரண்டு மூன்று கிலோ நிலத்தில் கறுப்புச் செதிலாகக் கிடக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை பழைய இரும்புக் கணக்கில் இருக்கிறது. பழைய இரும்பை அப்படியே உருளைக்குள் கொடுக்க முடியாது, மருமகன். சைக்கிள் கட்டை, தகரம், உழவு இயந்திரத் துண்டு, வேலிக் கம்பி எல்லாவற்றையும் முதலில் உருக்கி, கசடு எடுத்து, பில்லட்டாக, அதாவது உருட்டுகிற கட்டையாக, வார்த்து எடுக்க வேண்டும். அது இன்னொரு தொழிற்சாலை, மில்லை விடப் பெரிய தொழிற்சாலை. மோட்டர்ச் சுருளில் இருந்து கொஞ்சம் செம்பு கலந்தாலே போதும், உருட்டும்போது மேற்பரப்பு வெடிக்கும். அதை விடவும் ஒன்று உண்டு. எங்கட மண்ணில் பொறுக்குகிற இரும்பில் எது வெறும் குழாய், எது குழாய் இல்லை என்று யார் பார்த்துச் சொல்வது? 2009இல் போர் முடிந்த பிறகு பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை இழந்தவர்களையும் உயிர் விட்டவர்களையும் நீரும் அறிவீர். வெடிமருந்தே வேண்டாம், வாய் மூடின குழாய்க்குள் ஒரு சிரட்டைத் தண்ணீர் நின்றால் உலைக்குள் அதுவே வெடிக்கும்.

உருக்காமல் நேரே உருட்டக்கூடியது தண்டவாளம் போன்ற இரும்புதான். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் கழித்த தண்டவாளத்தைத் தலை, நடு, அடி என்று நீளவாக்கில் பிளந்து கம்பியாக உருட்டுகிறார்கள். உமக்கு அந்த எண்ணமும் இருக்கலாம், ஏனென்றால் பங்கருக்குப் போட்ட தண்டவாளம் இன்னும் அங்கங்கே மண்ணுக்குள் கிடக்கிறது. விட்டுவிடும். அது ரெயில்வேச் சொத்து, கண்டால் பொலிஸ் கேட்கும். அதோடு தண்டவாள உருக்கில் கரி அதிகம், நூற்றுக்குப் பங்கு 0.7 மட்டில் இருக்கும், அதில் உருட்டின கம்பி வில்லுப்போல் விறைக்கும், வளையம் வளைக்கப் போனால் வெடிக்கும். வீட்டுத் தூணுக்குள் அதைப் போட நான் விடமாட்டேன்.

தண்டவாளம் என்றதும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் மணியாக மரத்தில் தொங்குகிற துண்டைப் பக்கத்தில் போய்ப் பாரும். நடுத்தகட்டில் எழுத்தும் எண்ணும் மேலெழும்பி நிற்கும், விரலால் தடவினால் தெரியும். அது அடித்துப் பதித்ததில்லை. கடைசி உருளையில் அந்த எழுத்தைத் தலைகீழாகக் குழித்து வைத்திருப்பார்கள், உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு தரம் பதியும். நீர் வாங்கி விற்கிற கம்பியிலும் அப்படித்தான். கம்பனிக் குறி ஒன்றிலிருந்து அடுத்த குறி வரை நாடா வைத்து அளந்து 3.14 ஆல் பிரித்தால், அதை உருட்டின உருளையின் விட்டம் ஏறக்குறைய வந்துவிடும். எனக்கு இப்பவும் ஹாட்வெயாருக்குப் போனால் இந்த விசர் வேலை உண்டு.

கம்பியின் எடையையும் பார்க்கலாம். விட்டத்தை அதாலேயே பெருக்கி 162ஆல் பிரித்தால் ஒரு மீற்றரின் கிலோக் கணக்கு. 12 மில்லிக்கு 0.89 கிலோ, 10 மில்லிக்கு 0.62. தவாளிப்புத் தேய்ந்த உருளையில் கம்பி தடித்துப்போகும், அப்போது மில்காரனுக்கு நட்டம். இறுக்கிப் பிடித்து உருட்டினால் மெலியும், அப்போது வீடு கட்டுகிறவனுக்கு நட்டம். இலங்கையில் விற்கிற முறுக்குக் கம்பிக்கு எஸ்.எல்.எஸ். 375 என்ற தரம் உண்டு, எடை, வளைவு, இழுவை எல்லாம் அதற்குள் நிற்க வேண்டும். இப்போதைய கம்பி உருளையை விட்டு வந்ததும் நீர்ப்பாய்ச்சலுக்குள் போகிறது, வெளித்தோல் கடினமாகி, உள்ளே மிச்சமிருக்கிற சூடு அந்தத் தோலைத் திரும்பப் பதப்படுத்துகிறது. அதனால்தான் வெளியே வலு, உள்ளே வளைவு. தண்ணீரின் அமுக்கம் கொஞ்சம் பிசகினாலும் தரம் போய்விடும். பழைய மில்லோடு இந்த ஏற்பாடு வருமா என்று நீர் கேட்கவே இல்லை.

வன்னியில் பெரிய தொழிற்சாலை சரிவராது என்கிற கதையை நான் சொல்லவில்லை. உம்முடைய பரந்தனிலேயே கெமிக்கல் பக்டரி ஓடியது. ஆனையிறவு உப்பு பக்கத்திலேயே இருந்தது, அதிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். பொருள் இருந்த இடத்துக்கு ஆலை வந்தது. இரும்பு அப்படி இல்லை. அரசாங்கமே 1960களில் சோவியத் உதவியோடு கொழும்புப் பக்கம் ஒருவலை என்கிற ஊரில் உருக்காலை கட்டினபோதும், பில்லட் கப்பலில் வந்து கொழும்பில்தான் இறங்கியது. அதை லொறியில் ஏற்றி முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் கொண்டு வந்து உருட்டி, கொழும்பிலேயே உருட்டின கம்பியோடு விலைக்குப் போட்டி போடப் போகிறீரா?

உமக்கு வேண்டியது மூன்று உருளை வளைப்பு மெஷின். கீழே இரண்டு, மேலே ஒன்று, மேலுருளையைத் திருகி இறக்கலாம். சூடு தேவையில்லை, உலை தேவையில்லை, சில குதிரைவலு மோட்டர் போதும். வன்னியில் ஆண்டுதோறும் உடைகிற சாமான் எது? இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டருக்கும் உழவு இயந்திரத்துக்கும் சேற்று உழவுக்குப் போடுகிற இரும்புச் சில்லு. இப்போது உம்முடைய பட்டறையில் அதை எப்படி வளைக்கிறீர் என்று போன தரம் வந்தபோது பார்த்தேன்: டிரம்மைச் சுற்றி, குழாய் போட்டு இழுத்து, சம்மட்டியால் அடித்து. வட்டம் வட்டமாக வராது, வயலில் துள்ளும்.

வளைப்பு மெஷினில் ஒரே ஒரு எரிச்சல், பட்டத்தின், அதாவது வளைக்கிற தட்டை இரும்பின், இரண்டு முனையும் நேராகவே நின்றுவிடும், ஏனென்றால் மூன்று உருளையும் ஒரே நேரத்தில் முனையைப் பிடிக்க ஏலாது. அதற்கு நீளத்தைக் கூட விட்டு வளைத்து, நேராக நிற்கிற பகுதியை வெட்டி எறிந்து விட்டுத்தான் ஒட்ட வேண்டும். 90 சென்ரிமீற்றர் சில்லு என்றால் தடிப்பின் நடுவில் அளந்து 283 சென்ரிமீற்றர் பட்டம் வேண்டும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் கூடப் போடும். ஒரே தரத்தில் இறுக்கி வளைக்கவும் கூடாது, மேலுருளையைக் கால் சுற்று இறக்கி முன்னும் பின்னும் ஓட்டி, மறுபடி கால் சுற்று. விட்டதும் இரும்பு கொஞ்சம் நிமிரும், அதற்கும் சேர்த்து வளைக்க வேண்டும். இரண்டு மூன்று பட்டம் பழுதானால் கை பிடிபட்டுவிடும்.

அரிசி ஆலைக் கூம்பு, தண்ணீர்த் தாங்கி வளையம், கேற்றுக்கு வளைவு எல்லாம் அதே மெஷினில் வரும். சித்தப்பாவிடம் கேட்க நினைத்த காசில் ஒரு சின்னப் பங்கு போதும், மிச்சத்துக்குக் கடைசல் மெஷின் ஒன்று பாரும். மெஷினைப் பார்க்கப் போகும்போது மேலுருளையின் நடுவில் நூல் பிடித்து வளைந்திருக்கிறதா என்று பாரும், அடித்துப் பூசின பெயின்றை நம்ப வேண்டாம். பல்லுச் சில்லு தேய்ந்திருந்தால் பயமில்லை, அதை மாற்றலாம், வளைந்த உருளையை மாற்றுவது கஷ்டம். காலபோக உழவு புரட்டாதியில் தொடங்கிவிடும், சில்லுக்கு ஆட்கள் ஆவணியிலேயே வருவார்கள், ஆகவே ஆடிக்குள் மெஷின் பட்டறையில் நிற்க வேண்டும். சித்தப்பாவோடு நான் கதைக்கிறேன், அவருடைய இலக்கத்தை அனுப்பிவிடும்.

மாமா