தக்கைத் தூண்டிலுக்கு ஒரு நட்சத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் நன்னீர்த் தூண்டில் வகைகளுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் பிரித்த கட்டுரையில், "தக்கைத் தூண்டிலுக்குப் பொறுமை போதும், ஃப்ளை ஃபிஷிங்குக்குத்தான் திறமை வேண்டும்" என்று ஒரு வரி. மிக்க நன்றி. இத்தனை காலமும் தண்ணீரோரம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்பது இப்போதுதான் தெரிந்தது.

ஃப்ளை வீசுவது கடினம்தான். நானும் பழகியிருக்கிறேன். ஃப்ளை என்னும் எடையே இல்லாத பொய்ப்பூச்சியைக் கனத்த லைன், அதாவது தூண்டில் நரம்புதான் சுமந்து போக வேண்டும். பின்னால் வீசிய லைன் முழுக்க நீளும் முன்பே கை அவசரப்பட்டால் எல்லாம் குலைந்து காலடியில் விழும். சரியாக விழுந்தாலும், நீரோட்டம் லைனை இழுத்துப் பூச்சி தண்ணீரைக் கீறிக்கொண்டு போனால் மீன் சீந்தாது. ஆனால் இந்த வித்தையில் பாதி கரைக்கு மேலே நடக்கிறது, படம் எடுக்கவும் வசதி. எங்கள் வேலை தண்ணீருக்குள்ளே அல்லவா?

தக்கை மூழ்கினால் மீன் என்று உங்கள் கட்டுரையாளர் முடித்துவிட்டார். ஈயக்குண்டைத் தூண்டில் முள்ளுக்குப் பக்கத்தில் நகர்த்தி, இரையும் குண்டும் தரையில் கிடக்கும்படி ஆழம் பார்த்துக் கட்டினால், கெண்டை இரையை வாங்கித் தலை நிமிரும்போது குண்டையும் சேர்த்துத் தூக்குவதால் தக்கை மூழ்காது. மேலே எழும்பிப் படுத்துவிடும். அவர் இன்னும் மூழ்கட்டும் என்று காத்திருப்பார் போல. கெண்டைக்குப் பல் இருப்பது தொண்டையில். வாயால் இரையை உறிஞ்சும், சந்தேகம் வந்தால் துப்பிவிடும். அந்தக் கண நேரத்தில் தூண்டிலைச் சுண்டத் தெரிய வேண்டும்.

கனத்த ஈயம் போட்டு மீன் தானாக முள்ளில் மாட்டிக்கொள்ள, அலாரம் கத்தியதும் கூடாரத்திலிருந்து எழுந்து வரும் முறைக்கு நான்கு நட்சத்திரம்! இடம் தேர்வதில் அவர்களுக்கும் மூளை வேண்டும், சரி. எங்களுக்கு மட்டும் ஒன்றா?

இது இன்று தொடங்கியதல்ல. எங்களை எப்போதும் சிறுவர் பக்கத்தில்தான் வைப்பீர்கள். குஞ்சுகளைக் காத்துக்கொண்டிருந்த விராலை லூர் என்னும் பொய்யிரை போட்டுப் பிடித்த வீரரை அட்டையில் போட்டீர்கள். காவல் போனால் அந்தக் குஞ்சுகளின் கதி உங்களுக்குத் தெரியாததா? திரும்ப விடப்போகும் மீனை உலர்ந்த துண்டில் கிடத்தி எடுத்த படமும் வந்தது. உடம்பை மூடிய மேல்கோழை போனால் மீனுக்கு நோய் தொற்றும் என்று எழுதினேன்; அந்தக் கடிதம் வரவே இல்லை.

போகட்டும். நட்சத்திரப் பட்டியல் வந்த அதே பக்கத்தில், நரம்பை முள்ளில் கட்டும் கிளிஞ்ச் முடிச்சுப் படத்தில் நரம்பின் நுனி, முள்ளின் காதை ஒட்டிய முதல் வளையத்துக்குள் நுழையாமல் வெளியே போகிறது. அப்படிக் கட்டினால் உருவிக்கொண்டு வந்துவிடும். அடுத்த இதழில் படத்தைத் திருத்திப் போடுங்கள். இடம் போதாவிட்டால் அந்த நட்சத்திரப் பட்டியலை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்