லித்தியத்தை நிறுத்தலாமா என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

உன் மெயிலை நிதானமாக வாசித்தேன். எது மனநோய் என்பதையே டாக்டர்கள் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள், சில வருஷத்துக்கு ஒருமுறை நோய்ப் பட்டியல் புத்தகத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அப்படியிருக்க மனம் கொந்தளிப்புக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் என் பைபோலார் நோய் மட்டும் எப்படி நிஜம், அதற்கான லித்தியம் மாத்திரையை நான் ஏன் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். மனநல வார்டில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆன எனக்கு, "மாத்திரையை மட்டும் விட்டுடாதே" என்று போனில் சொல்லிவிட்டு வைக்க மனசு வரவில்லை.

ஓட்டு நடந்தது உண்மை. 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நிர்வாகிகள் தன்பாலீர்ப்பைத் தங்கள் நோய்ப் பட்டியல் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். சிலர் எதிர்த்ததால் மறு வருஷம் உறுப்பினர்கள் எல்லாரிடமும் கேட்டார்கள், 58 சதவீதம் பேர் எடுத்தது சரி என்றார்கள். நீ இந்த ஓட்டை மட்டும் பார்க்கிறாய். 1957-லேயே ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர், தன்பாலீர்ப்புள்ள ஆண்கள், மற்ற ஆண்கள், இரண்டு தரப்பினரின் உளவியல் சோதனைத் தாள்களையும் யாருடையது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார், அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1972-ல் ஜான் ஃப்ரையர் என்ற டாக்டர் தானும் அப்படித்தான் என்று சக டாக்டர்கள் முன்னால் சொல்ல முகமூடி போட்டுக்கொண்டு, குரலையும் மாற்றிக்கொண்டு பேச வேண்டியிருந்தது, தெரிந்தால் வேலை போய்விடும் என்ற நிலைமை. அந்த மனிதர்கள் பட்ட வேதனை போலீஸிடமிருந்து வந்தது, வீட்டிலிருந்து வந்தது, சிகிச்சை என்ற பெயரில் டாக்டர்களிடமிருந்தும் வந்தது. அதனால் அந்தப் பெயர் போனது நல்லது, இன்னும் சீக்கிரம் போயிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து அதை எடுக்க 1990 ஆகிவிட்டது.

ஆனால் அதே அமெரிக்கப் புத்தகத்தின் 1980 பதிப்பில் ஒரு புதுப் பெயர் சேர்ந்தது, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனஉளைச்சல், பிடிஎஸ்டி என்கிறார்களே அது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், "எங்களுக்கு நடப்பது கோழைத்தனம் இல்லை, எழுதுங்கள்" என்று போராடித்தான் அது உள்ளே வந்தது. ஒரு பெயர் வெளியே போனதும் இன்னொன்று உள்ளே வந்ததும், அனுபவித்தவர்கள் வாய் திறந்து பேசியதால்தான். அதனால் புத்தகம் மாறுகிறது என்று கேட்டால் எனக்கு அவநம்பிக்கை வருவதில்லை, மாறாமல் இருந்தால்தான் பயமாக இருக்கும்.

எல்லா மாற்றத்துக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. இழவுத் துக்கம் நீண்டுகொண்டே போனால் அதையும் நோயாகச் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்கப் புத்தகம் 2022-ல் பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்று கணக்கு வைத்தது, உலக சுகாதார நிறுவனத்துக்கு ஆறு மாதம் போதும். நம் பக்கம் தலைத்திவசம் வரைக்கும் வீட்டில் நல்லது கெட்டது செய்யமாட்டார்கள், எனக்கு ஆறு மாதம் என்பது ஒப்பவே இல்லை.

சரி, உன் விஷயம். உன் கேஸ் ஷீட்டில் முதலில் எழுதியிருந்தது ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு, ஞாபகம் இருக்கிறதா? பைபோலார் என்று எழுதியது அடுத்து பார்த்த டாக்டர். அதைத்தான் நீ, "அவங்களுக்கே தெரியல" என்கிறாய். இந்தக் குழப்பம் பழசு. 1960-களின் கடைசியில் நியூயார்க், லண்டன் ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது, ஏனென்றால் அமெரிக்காவில் ஸ்கிசோஃப்ரினியா கேஸ் குவிந்து கிடந்தது, இங்கிலாந்தில் உன் வகை நோய்தான் அதிகம். ஒரே மாதிரி கேள்விகளை வைத்து ஒரே குழு இரண்டு ஊர் நோயாளிகளையும் பார்த்தபோது வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போனது. நோயாளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தார்கள், டாக்டர்கள் கற்ற பழக்கம்தான் வேறு. 1980-ல் புத்தகத்தை அடியோடு மாற்றி, இன்ன அறிகுறி இத்தனை நாள் இருக்க வேண்டும் என்று வரையறுத்ததற்கு இந்த மாதிரிக் குழப்பமும் ஒரு காரணம். பெயர் சரியானபோது உனக்கு மருந்தும் சரியானது, அதற்கப்புறம் வந்த மாற்றத்தை நீயே அறிவாய்.

இன்னொன்று. பைபோலார் என்ற பெயர் அந்தப் புத்தகத்துக்குள் வந்ததே 1980-ல்தான். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் இதே மாதிரி கொந்தளிப்பில் இருந்தவர்களுக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்து, பலன் கிடைத்ததை எழுதியது 1949-ல். பெயர் வருவதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே மருந்து வேலை செய்திருக்கிறது, தம்பி. உனக்கு நோய் வந்த சமயத்தில் நீ ராத்திரியெல்லாம் தூங்காமல், பேச்சை நிறுத்த முடியாமல், சம்பளம் மொத்தத்தையும் யார் யாருக்கோ அனுப்பிவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாயே, அதை எந்தக் கமிட்டியும் ஓட்டுப் போட்டு உண்டாக்கவில்லை. மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்கு உன்னைக் கூட்டிப்போகப் பெரியப்பா சொன்னார், போனோம், பெருமாளையும் கும்பிட்டோம், மாத்திரை டப்பாவும் பையில் இருந்தது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போகிறவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஏர்வாடி தர்கா பக்கம் 2001-ல் மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியோடு கிடந்த 28 பேர் செத்தார்களே, அந்தச் சங்கிலியைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

உனக்கு வேலையிடத்தில் பயம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். நம் நாட்டின் பழைய 1912 சட்டம் உன்னைப் போன்றவர்களைப் பைத்தியம் என்றே எழுதியது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் படி. சமூகத்தின் ஒழுக்கத்தோடோ, அரசியலோடோ, மதத்தோடோ ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக்கூடாது என்று மூன்றாம் பிரிவு சொல்கிறது. மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. சங்கிலியால் கட்டுவதற்கும் தடை. யாராவது உன்னை மிரட்டினால் இதைக் காட்டு.

லித்தியத்தை நிறுத்த ஆசைப்படுவதில் தப்பில்லை, அந்தக் கைநடுக்கமும் தாகமும் எவ்வளவு தொல்லை என்று வார்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் நீயாகத் திடீரென்று விட்டால் பழைய கொந்தளிப்பு திரும்பும் வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் நேராகவே கேள், "குறைக்க முடியுமா, வேறு மருந்து உண்டா, நிறுத்துவதானால் எத்தனை மாதத்தில் படிப்படியாக?" என்று. அவர் பதில் சொல்லாமல் எரிந்து விழுந்தால் வேறு டாக்டரைப் பார்ப்போம், நான் கூட வருகிறேன். அதுவரைக்கும் தண்ணீர் நன்றாகக் குடி, உப்பைத் திடீரென்று குறைக்காதே, தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு எதையாவது வாங்கிப் போட்டுக்கொள்ளாதே, சில வலி மாத்திரைகள் லித்தியம் அளவை ஏற்றிவிடும். ரத்தத்தில் லித்தியம் லெவல், கிட்னி, தைராய்டு மூன்றும் கடைசியாக எப்போது பார்த்தாய்? ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா