தறிக்காரர் மகள் பார்த்த பள்ளத்தாக்கு

சின்லி, அரிசோனா
மே மாதக் கடைசி வாரம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இந்த வாரம் குறைந்திருக்கிறது. ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து டிரெய்லரை இழுத்துக்கொண்டு புறப்பட்ட அன்று நீ தொலைபேசியில், "கிராண்ட் கேன்யன் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஏன் வடகிழக்கே போகிறீர்கள்?" என்று கேட்டாய். உனக்குப் பன்னிரண்டு வயதானபோது நாம் மூவரும் அங்கே மேதர் பாயிண்டில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் அன்று உனக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நேற்று ஒரு பகல் முழுவதும் சின்லிக்குப் பக்கத்திலுள்ள கேன்யன் டி ஷே என்ற பள்ளத்தாக்கில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்து "ஷெல்லி" என்று படித்துவிடாதே. "ஷே" என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே வாழும் அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோக்களின் மொழியில் பாறைக்கு உள்ளே என்று பொருள்படும் சொல் ஒன்று ஸ்பானியர் வாயில் திரிந்து இப்படி ஆகியிருக்கிறது. 1931 முதல் இது தேசிய நினைவுச்சின்னமாக இருந்து வருகிறது என்றாலும், நிலம் முழுவதும் நவஹோ மக்களுடையதே. அவர்களில் சில குடும்பங்கள் இன்றும் கீழே சோளமும் பூசணியும் பயிரிட்டு, ஆடு மேய்த்து வாழ்கின்றன. ஆகவே நவஹோ வழிகாட்டி ஒருவர் உடன் வராமல் பள்ளத்தாக்கினுள் இறங்க முடியாது. மற்றவர் வீட்டு முற்றத்துக்குள் அவர்கள் அழைத்தால்தானே போகிறோம்? இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

காலையில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. ஒன்பது மணிக்கு ஜீப் புறப்படும் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் காட்டன்வுட் மரங்களடியில் டிரெய்லரை நிறுத்திவிட்டு, இட்லியைச் சாப்பிட்டு முடித்து, கால் மணி நேரம் முன்னதாகவே போய் நின்றோம். அங்கே கடிகாரம் ஒன்பதே முக்கால் காட்டியது. அரிசோனா மாநிலம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதில்லை. நவஹோ நாடு என்று அழைக்கப்படும் நவஹோ மக்களின் பகுதி தள்ளிவைக்கிறது. அதன் நடுவே இருக்கும், ஹோப்பி என்ற வேறொரு பழங்குடியினரின் நிலத்திலோ மறுபடியும் தள்ளிவைப்பதில்லை. இது தெரியாமல் எங்களுக்காக ஒரு பெண்மணியை முக்கால் மணி நேரம் காக்க வைத்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. வழிகாட்டியான அவர் ஒரு சொல்லும் கடிந்து சொல்லாமல், வெயிலுக்குத் துணியால் தலையை மூடிக்கொள்ளும்படி மட்டும் சொல்லி எங்களை ஏற்றிக்கொண்டார்.

பாதை என்று தனியாக எதுவும் இல்லை. ஓடைப் படுகையே பாதை. சுஸ்கா மலையில் உருகிய பனி கணுக்கால் அளவு நீராக ஓடிக்கொண்டிருக்க, ஜீப் அதற்குள்ளேயே இறங்கிப் போயிற்று. வாயிலில் முப்பதடி உயரமே இருக்கும் செம்பாறைச் சுவர்கள் உள்ளே போகப் போக உயர்ந்து, கடைசியில் ஆயிரம் அடியைத் தொடுகின்றன. அவை ஒரு காலத்தில் காற்று குவித்த மணல்மேடுகளாக இருந்து கல்லானவை என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாய்ந்து சாய்ந்து கிடக்கும் வரிகளைப் பார்த்தாலே தெரிகிறது. மேலிருந்து கறுப்பும் பழுப்புமாக வழியும் கறைகள், சாயத் தொட்டியிலிருந்து எடுத்துத் தொங்கவிட்ட நூல் கழிகளைப் போல் இருந்தன.

வெள்ளை வீடு என்று அழைக்கப்படும் இடத்தில், பாறையின் பொந்துக்குள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டிய கல்வீடுகள் நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்கள் நவஹோக்கள் அல்லர். ஹோப்பி முதலான பியூப்ளோ மக்களின் முன்னோர். மேல்வீட்டுச் சுவரில் பூசிய வெண்சாந்துதான் அந்தப் பெயருக்குக் காரணம். அப்பா அதைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அதில் மனம் நிற்கவில்லை. ஏனென்றால் எதிரே, கிளைகளால் வேய்ந்த பந்தலின் கீழ், வழிகாட்டியின் சித்தி தறியில் உட்கார்ந்திருந்தார்.

நீ உன் தாத்தாவைப் பார்த்திருக்கிறாய். அவருடைய தறியை நீ பார்த்ததில்லை. அருப்புக்கோட்டை வீட்டில் அது குழித்தறி. பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்கள், தரைக்கு இணையாகப் படுத்திருக்கும்; குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இடமும் வலமும் ஓடும். இங்கே பாவு செங்குத்தாக நிற்கிறது. நாடா கிடையாது. குறுக்கே போகும் ஊடை நூலை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து, மரச்சீப்பால் கீழே தட்டி இறுக்குகிறார். அந்தத் தட்டும் ஓசையைக் கேட்டதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே எங்கள் வீட்டுத் தறியை ஓசையால் கண்டுபிடித்துவிடுவேன். தொடலாமா என்று கேட்டேன். அவர் தலையசைத்தார். கம்பளி நூல், எங்கள் பருத்தியைவிட முரடு. ஆனால் இழுத்துக் கட்டிய பாவு விரலுக்குக் கீழே அதிரும் அதிர்வு அதேதான்.

பிறகு வழிகாட்டி தம் குடும்பத்து வயலைக் காட்டினார். ஓரத்தில் பீச் மரங்கள் பிஞ்சு விட்டிருந்தன. 1864-இல் கிட் கார்சன் தலைமையிலான அமெரிக்கப் படை இந்த மக்களின் வீடுகளையும் விளைச்சலையும் அழித்துப் பட்டினியால் பணிய வைத்தது; பள்ளத்தாக்கிலிருந்த ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தது. முந்நூறு மைலுக்கு மேல், குழந்தைகளும் முதியவர்களும் உட்பட அனைவரையும் நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னருக்கு நடக்க வைத்தார்கள். வழியிலும் முகாமிலும் ஏராளமானோர் இறந்தனர். 1868-இல் ஓர் உடன்படிக்கை எழுதி, அவர்கள் தங்கள் மண்ணுக்கே திரும்பி வந்தார்கள். வேறு எங்கோ நிலம் தருகிறோம் என்றவர்களிடம் இதுதான் வேண்டும் என்று நின்று பெற்றவர்கள் அவர்கள். இதை அந்தப் பெண்மணி, பிஞ்சின் மேலிருந்த தூசியைப் பெருவிரலால் துடைத்துக்கொண்டே சொன்னார். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மாலையில் நாங்களே தென்விளிம்புச் சாலையின் கடைசிவரை போய் சிலந்திப் பாறையைப் பார்த்தோம். தரையிலிருந்து தனியாக எழுந்து எண்ணூறு அடிக்கு நிற்கும் கல் தூண் அது. மதுரைத் தெற்குக் கோபுரம் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் உச்சி எட்டாது. அதன் மேல்தான் சிலந்திப் பாட்டி வாழ்கிறாள் என்பது நவஹோக்களின் நம்பிக்கை. அவளே அவர்களுக்கு நெசவைக் கற்றுக்கொடுத்தவள். முதல் தறியின் குறுக்குக் கம்புகள் வானத்தாலும் பூமியாலும் ஆனவையாம், பாவுக் கோல்கள் சூரியக் கதிராம். வெயில் சாய்ந்து நிழல் ஏறிவந்து அந்த உச்சி மட்டும் சிவந்து நின்றபோது, நெசவைத் தந்தவளுக்கு இவ்வளவு உயரமான வீட்டைக் கொடுத்திருக்கிறார்களே என்று எண்ணிக் கண் கலங்கினேன். உன் தாத்தாவைத் தொழிலின் பெயரால் மதித்தவர்கள் நம் ஊரில் மிகக் குறைவு. அதனால்தான் எனக்கு அப்படி ஆயிற்று.

கிராண்ட் கேன்யன் 277 மைல் நீளம், ஒரு மைல் ஆழம். அதன் பெருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே நான் விளிம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். இங்கே ஒருவர் தம் வீட்டைத் திறந்து காட்டினார்.

அந்தச் சித்தியிடம் இரண்டு சாண் அகலமுள்ள ஒரு சிறு நெசவு வாங்கி உனக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். வலப்பக்க மேல்மூலையில், கரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு விளிம்புவரை ஒரு மெல்லிய கோடு ஓடும். பிழை என்று நினைத்துவிடாதே. நெய்தவரின் மனம் அந்தத் துணிக்குள் அடைபட்டுப் போகாமல் வெளியே வந்து அடுத்ததை நெய்வதற்கு விடும் வழி அது. தாத்தாவும் ஒரு பாவு முடிந்தால் கடைசிவரை அறுத்துவிட மாட்டார். தறியின் சீப்பான அச்சில் மிச்சம் விட்டு, விரலில் சாம்பல் தொட்டு, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அதனோடு முறுக்கிப் பிணைப்பார். அந்தக் கோடு மேலே இருக்கும்படி மாட்டு. மாட்டும் வரையில் மடிக்காமல் சுருட்டியே வை.

அன்புடன்,
அம்மா