ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே?

"டிரைவிங் கிளாஸை நிறுத்திட்டேன்மா, பின்னால பஸ் ஹாரன் அடிச்சா கைகால் உதறுது, இந்த வயசுல எனக்கு எதுக்கு" என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. போனில் முழுசாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கார் பழகியபோது எனக்கு முப்பத்தேழு வயது. 1994. நீ மூன்றாம் வகுப்பு, தம்பி இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. பேங்கில் எங்களுக்கு வாகனக் கடன் கிடைக்கும். ஆம்பளைகள் எல்லாரும் எடுத்திருந்தார்கள். பெண்கள் யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார் ஓட்டுவாரா?" என்றார். "இல்லை சார், நான்தான் ஓட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும்.

வெள்ளை மாருதி 800. அந்த வண்டி முதன்முதலில் வந்தபோது, 1983 டிசம்பரில், டெல்லிக்காரர் ஹர்பால் சிங்குக்கு இந்திரா காந்தி சாவி கொடுத்த படத்தைப் பேப்பரில் பார்த்திருக்கிறேன். அது வேறு உலகம் என்றுதான் நினைத்தேன். நாம் வாங்கியது அதற்குப் பிறகு வந்த புது உருவம். அது வந்தது 1986, நீ பிறந்த வருஷம். மூன்று சிலிண்டர், 796 சிசி, நாலே கியர். ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். அதற்குக் கீழே கடன் பேங்குக்கு என்று ஒரு வரி. தவணை முடிந்து அந்த வரியை ஆர்.டி.ஓ. ஆபீசில் நீக்கிக் கொடுத்த அன்று, புத்தகத்தைப் பூஜை அலமாரியில் வைத்தேன். உனக்கு நினைவிருக்கும்.

டிரைவிங் ஸ்கூலில் பழகியது பழைய அம்பாசிடரில். அதில் கியர் ஸ்டீரிங் பக்கத்தில் இருக்கும். நம் வண்டியிலோ தரையில். புதுசில் என் இடது கை கியரை மேலேயே தேடும். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் வண்டி நின்றுவிட்டால் பின்னால் வரிசையாக ஹாரன் கேட்கும். உனக்கு உதறுகிற மாதிரிதான் எனக்கும் உதறியது. கண்ணில் தண்ணீர்கூட வந்திருக்கிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அவனுக்கு அவசரம்னா அவன் சுத்திப் போவான், நீ நிதானமா ஸ்டார்ட் பண்ணு" என்பார். அவ்வளவுதான் சொல்வார். உங்கப்பாவுக்கு வண்டி பழக ஆசையே வந்ததில்லை. "அண்ணாச்சி, அக்கா ஓட்டுது, நீங்க சும்மா உக்காந்திருக்கீயளே" என்று தெருவில் ஒருவர் கேட்டதற்கு, "அவ வாங்கின வண்டி, அவ ஓட்டுதா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பதிலுக்காக அவரை இன்றுவரை வணங்குகிறேன்.

ஆனால் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது தோவாளைப் பாதைதான். ஆச்சி வீட்டுக்குப் போகிற அந்தச் சுமார் 70 கிலோமீட்டர். நாங்குநேரி, வள்ளியூர் வரை ஒன்றுமில்லை. பணகுடி தாண்டினால் ஆனி, ஆடியில் வலப்பக்கம் மலையிலிருந்து காற்று வந்து மோதும். வண்டியோ இலேசு. ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஸ்டீரிங்கைக் கொஞ்சம் வலது பக்கமாகவே பிடித்துக்கொண்டு போக வேண்டும். எதிரே லாரி வந்தால்தான் கஷ்டம். லாரி காற்றை மறைக்கிற அந்த ஒரு நொடியில் வண்டி தானாக லாரிப் பக்கம் சாயும். அது தாண்டியதும் காற்று திரும்பவும் அறையும். அதனால் லாரி நெருங்கும்போதே பிடியைத் தளர்த்தி, கடந்ததும் இறுக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கைதான் கற்றுக்கொண்டது. காவல்கிணறில் திரும்பினால் காற்று நேர் முகத்துக்கு வரும். நாலாவது கியரில் வண்டி இழுக்காது, மூன்றுக்கு இறக்க வேண்டும். நீயும் தம்பியும் முப்பந்தல் காற்றாலைகளை எண்ணிக்கொண்டே வருவீர்கள். ஆரல்வாய்மொழி தாண்டினால் தோவாளை.

ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் என்றதும் அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டி வந்தேனே, அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். அவள் அதுவரை என்னைப் பார்க்க வந்ததெல்லாம் பஸ்ஸில், மடியில் பூக்கூடையோடு. அன்று முன் சீட்டில் உட்கார வைத்தேன். பின் சீட்டு முழுக்க சந்தையில் வாங்கின பிச்சியும் சம்பங்கியும். வழியில் டீக்கடையில் நிறுத்தினால், கேட்காதவர்களிடமும் "எம் மக ஓட்டுதா" என்றாள். கட்டுப் பிரித்துத் திரும்பும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டீரிங்கில் இருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏன் ஆத்தா என்றேன். "உங்கப்பா என்னைய மாட்டுவண்டியிலகூட முன்னால உக்கார வச்சதில்லட்டி" என்றாள்.

நாங்குநேரிப் பக்கம் டயர் பஞ்சரானது உனக்கு நினைவிருக்கிறதா? அப்பா அன்று வரவில்லை. நல்ல உச்சிவெயில். உங்கள் இருவரையும் புளியமரத்தடியில் நிற்க வைத்துவிட்டு நானே மாற்றினேன். ஜாக்கி வைத்துத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். தூக்கிவிட்டால் ஸ்பேனரோடு சக்கரமும் சேர்ந்து சுற்றும். மாட்டும்போது ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முடுக்க வேண்டும். அந்த வண்டிக்குச் சின்னச் சக்கரம், 12 இன்ச். நானே தூக்கி மாட்டிவிட்டேன். சேலையெல்லாம் கரி. நீ "அம்மா, உனக்கு இதெல்லாம் தெரியுமா!" என்றாய். அந்த முகத்தைத்தான் இப்போது நான் நினைத்துக்கொள்கிறேன்.

வண்டியை விற்றது 2008ல். உன் கல்யாணத்துக்குப் பிறகு. 2014ல் அந்த வண்டி தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது அப்பாவும் நானும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். நீயும் சம்பாதிக்கிறாய். வீட்டில் கார் நிற்கிறது. உன் பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் என்றால் மாப்பிள்ளை ஊரில் இருக்கிறாரா என்று நீ பார்க்கக் கூடாது. என்னைப் பார்க்க வர வேண்டும் என்று தோன்றினால் யாருக்கும் லீவு கிடைக்கக் காத்திருக்கக் கூடாது.

திங்கட்கிழமை திரும்பக் கிளாசுக்குப் போ. முதலில் சீட்டை முன்னால் இழு. கிளட்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் இலேசாக மடங்கியே இருக்க வேண்டும். அப்புறம் கண்ணாடிகளைச் சரிசெய். பஸ் ஹாரன் அடித்தால் இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டு, அது போகட்டும். மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனாலும் முதல் மாதம் அவரைப் பக்கத்தில் வைத்துப் பழகாதே. சொல்லித்தருகிறவரே பக்கத்தில் இருக்கட்டும்.

டயரில் காற்று வாரம் ஒருமுறை பார்க்கச் சொல் என்று அப்பா இங்கிருந்து சொல்கிறார். எந்தக் கிழமை கிளாஸ், எத்தனை மணிக்கு என்று எழுது.

அன்புடன்,
அம்மா