ஆய்வுக்கூடம் வரை நீளட்டும் சமவாய்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் தமிழக அரசு வழங்கிய 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டால், டெல்டாவின் விவசாயக் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் கல்லூரிக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் முனைவர் பட்ட ஆய்வு என்று வரும்போது அவர்களுக்குத் துணை நிற்போர் மிகச் சிலரே. உதவித்தொகை சில மாதங்கள் தாமதமானாலே, நடவுக் கூலியை நம்பியிருக்கும் வீட்டுப் பெண் ஆய்வைக் கைவிட நேரிடும். நேர்காணலில் அவர் ஆங்கிலத்தில் தடுமாறுவதை அறிவுக் குறைவாகக் கொள்வது பெரும் அநீதி.

1922 முதல் நெல் ஆராய்ச்சி நடந்துவரும் ஆடுதுறையும், 2009இல் தொடங்கிய திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் நம் மண்ணில்தான் இருக்கின்றன. நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, பயிரை அன்றாடம் கவனிக்கும் பெண்களின் மகள்கள், கடைமடையில் உப்பேறிய நிலத்தில் எந்த ரகம் பிழைக்கும் என்பது போன்ற கேள்விகளை ஆய்வுக்குள் கொண்டுவந்தால் அறிவியலே வலுப்பெறும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்குகிறது. ஆய்வுக்கூடத்துக்குள் சக்கர நாற்காலி நுழைய வழியில்லாவிட்டால் அந்த இடத்தால் என்ன பயன்?

உதவித்தொகையை மாதந்தோறும் குறித்த நாளில் வழங்கவும், நேர்காணலில் தமிழிலும் விடையளிக்க அனுமதிக்கவும், சாய்தளங்கள் அமைக்கவும் உயர்கல்வித் துறை இக்கல்வியாண்டிலேயே ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.