கட்டடத்துக்கு முந்தைய காகிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எழும்பூர் ஆவணக் காப்பகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தைத் தாண்டித்தான் பலர் தினமும் ரயில் பிடிக்க ஓடுகிறார்கள். ஆனால் கதையை 1909-இல் தொடங்கிவிட்டதுதான் உறுத்துகிறது. அது கட்டடத்தின் வயது. காகிதங்களுக்கு வயது இன்னும் அதிகம்.

1670 முதல் எழுதப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகள் அங்கே இருக்கின்றன. புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னரும் கவுன்சிலும் கூடிப் பேசியதையெல்லாம் எழுத்தர்கள் பதிந்தார்கள். படியெடுத்து லண்டனுக்கும் அனுப்பினார்கள். வரலாற்றின் மேல் காதலா என்ன? முதலாளிகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே! அந்தப் பயத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இங்கே காணாமல்போன ஏடுகள் சிலவற்றுக்கு லண்டன் படிதான் கைகொடுத்தது. 1746-இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமானதும் நிர்வாகம் கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போனது. அங்கே எழுதியவை தனி வரிசையாகவே நிற்கின்றன.

துறைக்கொரு மூலையில் கிடந்த தலைமைச் செயலகக் காகிதங்களை ஓரிடத்தில் சேர்க்க 1805-இல் ஏற்பாடு செய்தவர் கவர்னர் பெண்டிங்க். சேர்த்தாயிற்று, சரி. எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? எழும்பூருக்கு வந்த பிறகு பொறுப்பாளராக இருந்த ஹென்றி டாட்வெல் செய்த வேலையை இங்கேதான் சொல்ல வேண்டும். பழைய ஏடுகளை வகைப்படுத்தி, அவற்றின் சுருக்கங்களை அச்சுக்குக் கொண்டுவந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பை, சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. முதல் மூன்றை ஆங்கில அதிகாரி பிரைஸ் பதிப்பித்தார், மீதி டாட்வெல். 1973-இல் 'தமிழ்நாடு ஆவணக் காப்பகம்' என்று பெயர் மாறியதையெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிடலாம். பட்டியல் போட்டவர்களின் உழைப்பு அப்படி ஒரு வரியில் அடங்காது.

இப்போது எல்லோரும் ஸ்கேன் செய்வதைப் பற்றியே பேசுகிறோம். செய்யட்டும். ஆனால் பட்டியலில் ஏறாத காகிதத்தைப் படமெடுத்து வைத்தாலும், தேடுகிறவன் கைக்கு அது வராது. எந்தத் துறை, எந்த ஆண்டு, அரசாணையின் எண் என்ன என்று பிடித்துப் பிடித்துத்தான் அங்கே ஒரு காகிதத்தை அடைய முடியும். அந்த வழியை விளக்கி, பழகிய ஓர் ஆராய்ச்சியாளரைக் கொண்டு அடுத்த கட்டுரையை எழுத வையுங்கள். கட்டடத்தின் படம் போட்டாயிற்று. இனி ஒரு பழைய பட்டியலின் பக்கத்தையும் அச்சிடலாமே.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்