வாழ்த்துச் செய்தி போதும், அலமாரியைத் திறங்கள்: பங்குப் பள்ளிகளின் மலர்க் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விழாக் குழுவினருக்கு,

உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியாது. தெரிந்த சிலர் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, ஆர்.சி. பள்ளி, அதாவது ரோமன் கத்தோலிக்கப் பங்குக் கோயில் நடத்தும் பள்ளி, இருக்கும் எல்லா ஊர்க் குழுவுக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்த மாதிரி மலர்கள் என் வீட்டில் நிறையச் சேர்ந்துவிட்டன. எதைத் திறந்தாலும் வரிசை மாறாது. ஆயர் வாழ்த்து, கல்வி அதிகாரி வாழ்த்து, எம்.எல்.ஏ. வாழ்த்து, நடுவில் நகைக்கடை விளம்பரம். அப்புறம் 'பள்ளி வரலாறு' என்று இரண்டு பக்கம். இந்த ஆண்டு இந்தச் சாமியார் (பங்குக் குரு) கூரைக்கொட்டகை போட்டார், அடுத்து வந்தவர் ஓடு மாற்றினார், அதற்கடுத்தவர் காங்கிரீட் தளம் போட்டார். கடைசியில் தாளாளர்களின் பட்டியல், படங்களோடு. படித்து முடித்தால் கட்டடம் எப்படி வளர்ந்தது என்று தெரியும். அதற்குள் யார் படித்தார்கள், யார் படிக்க முடியாமல் நின்றார்கள், சொல்லிக்கொடுத்தவர் என்ன சம்பளம் வாங்கினார் என்று ஒரு வரி இருக்காது.

சாமியார்களைக் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் கதை வேறு இடங்களில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. 1773இல் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபை கலைக்கப்பட்டு, மீண்டும் தொடங்கப்பட்ட பிறகு, 1830களின் கடைசியில் பிரெஞ்சு சேசு சபையார் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று முதல் அவர்கள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் கொடைக்கானல் சண்பகனூரில் சேர்த்து வைக்கப்பட்டன. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரியின் வரலாற்றை இன்றைக்கும் உட்கார்ந்து எழுதலாம், காகிதம் கிடைக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகும் சின்ன ஊர்ப் பள்ளிக்கு அப்படி யார் எழுதி வைத்தார்கள்? அங்கே மிஞ்சியிருப்பது தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரி.

அந்த அலமாரியின் கீழ்த் தட்டில், காலிகோ கிழிந்து, ஓரம் கரையான் தின்று கிடக்கும் பெரிய நோட்டுதான் சேர்க்கைப் பதிவேடு. ஒரு பக்கத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, நீங்கிய காரணம். பிறந்த தேதிக் கட்டத்தில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினால் பாதிப் பிள்ளைகள் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்திருப்பார்கள். ஊரில் எல்லாருக்கும் கோடையில்தான் பிரசவமா என்ன? பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டுவிட்டால் அஞ்சு வயசு முடிந்தது. பள்ளி திறப்பதோ ஜூன் மாதம், அதற்குத் தோதாக ஒரு தேதியை அவரே போட்டுவிடுவார். பின்னாளில் அரசு வேலை, பாஸ்போர்ட், ஓய்வூதியம் எல்லாமே அந்தத் தேதியை நம்பித்தான் நடந்தன. ஒரு தலைமுறைக்கே பிறந்தநாள் வைத்தவர் ஆர்.சி. ஸ்கூல் வாத்தியார். இதை எந்த மலரும் எழுதியதில்லை.

'நீங்கிய காரணம்' என்ற கட்டம் இன்னும் கனமானது. "நெடுநாள் வராமை", "ஊர் மாறிப் போனது", "பெற்றோர் விருப்பம்" என்று இரண்டு மூன்று சொல்லில் முடிந்திருக்கும். மூன்றாம் வகுப்பில் பெயர் நீக்கப்பட்ட பெண்பிள்ளைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை அந்த எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று ஒரு பக்கம் போட்டாலே போதும், அதுதான் பள்ளியின் சாதனைப் பட்டியல்.

பெண்பிள்ளைகள் என்றதும் கன்னியர், அதாவது துறவறச் சகோதரிகள், ஞாபகம் வரும். புதுச்சேரியில் 1844இல் ஆயர் பொன்னாந்து கூட்டிய சினோது என்ற திருச்சபை ஆலோசனைக் கூட்டம், பள்ளிக்கூடங்களைப் பெருக்குவதை ஒரு முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் துய்ப்புய் சாமியார், பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். குடும்பப் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. திருச்சியில் 1858இல் புனித அன்னாள் சபையைத் தொடங்கிய அன்னம்மாள் ஒரு கைம்பெண். அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ சிஸ்டர்கள் நம் ஊர்களில் முப்பது நாற்பது ஆண்டு பாடம் நடத்தி, வேறு ஊருக்கு மாற்றலாகி, அங்கேயே இறந்து அடக்கமானார்கள். மலரில் அவர்கள் "அருட்சகோதரிகளின் அர்ப்பணிப்பு" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் போய்விடுகிறார்கள். பெயரையாவது போடுங்கள்.

அடுத்து உபதேசியார், கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் ஊழியர். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை மாட்டுவண்டியில் வந்து பூசை வைத்துப் போன காலத்தில் ஊரை நடத்தியது இவர்தான். காலையில் கோயில் மணி அடித்து, பகலில் இரண்டு மூன்று வகுப்பை ஒரே கொட்டகையில் வைத்துப் பாடம் நடத்தி, சாயங்காலம் செபமாலை சொல்ல வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியமும் வாசிப்பார். சாவு வீட்டில் செபம் சொல்லப் போவதும் அவரே. 1854இல் ஆங்கிலேயர் ஆட்சியில் கல்வி பற்றி வந்த உட்ஸ் அறிக்கைக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் என்ற ஏற்பாடு வலுப்பெற்றது. மானியம் வந்தால் இன்ஸ்பெக்டரும் வருவார். அவர் பார்வையிட்டுக் குறிப்பு எழுதிய புத்தகம் சில பள்ளிகளில் இன்னமும் இருக்கிறது, அதையும் தேடுங்கள். மானியம் மேனேஜ்மென்ட் கைக்கு வந்து, அங்கிருந்து வாத்தியார் கைக்குப் போன காலத்தில், கையெழுத்துப் போட்ட தொகை ஒன்று, கையில் வாங்கிய தொகை வேறொன்று என்று பல ஊர்களில் கதை உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதையும் எழுதத் துணிச்சல் வேண்டும், சரி, முடிந்தவர்கள் எழுதுங்கள்.

இனி நீங்கள் கட்டாயம் தவிர்க்க நினைக்கும் அத்தியாயம். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். 1745இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற ஊர். 2022இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அதே ஊரில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலுக்கு இரண்டு கைகள். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரிந்து போகும் இரண்டு நீள அரங்குகள், ஒரு பக்கம் ஒரு சாதியார், மறுபக்கம் மற்றவர்கள். 1910இல் தடுப்பை எடுத்தபோது, தனி இடம் எங்கள் உரிமை என்று மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கோயிலிலேயே இப்படி என்றால், கோயிலையொட்டி இருந்த பள்ளிக்கூடத்தில் பெஞ்சு யாருக்கு, தரை யாருக்கு, தண்ணீர்ப் பானையில் யார் மொண்டு யாருக்கு ஊற்றினார்கள்? உங்கள் ஊரில் எழுபது எண்பது வயதுக்காரர் ஒருவரைக் கேளுங்கள். மேல்தெருக்காரரை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சாமியார் பங்களாவில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருக்கும். ஒன்றில் அந்தோனிசாமி, மற்றதில் இந்துப் பெயர். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாத ஒருவரைப் பட்டியல் சாதியாகக் கொள்ள முடியாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அதில் இடம் கிடைத்தது, தலித் கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். உதவித்தொகைக்கும் விடுதிக்கும் வழி தேடிய தகப்பன் பள்ளியில் எந்தப் பெயரைக் கொடுப்பான்? அது தெரிந்தும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்ட தலைமையாசிரியர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்த விஷயத்தை எழுதும்போது யார் பெயரையும், எந்தப் பக்கத்தின் படத்தையும் அச்சிடாதீர்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் அதே தெருவில் இருக்கின்றன.

சாப்பாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காமராஜர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு தொடங்கிய பிறகு, அமெரிக்காவிலிருந்து வந்த பால்பவுடரும் கோதுமை ரவையும் மஞ்சள் மாவும் பள்ளிகளுக்கும் பங்குகளுக்கும் வந்தன. மஞ்சள் மாவு உப்புமாவின் வாசனையைச் சொன்னால் அறுபது தாண்டியவர்கள் அரைமணி நேரம் பேசுவார்கள். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு நீட்டிக்கப்பட்டதும் 2024ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி, காமராஜர் பிறந்தநாளில்தான். தொடங்கி வைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளி.

இன்றைய நிலைமை உங்களுக்கே தெரியும். ஆகஸ்டு 1ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் என்று எண்ணித்தான் ஆசிரியர் பணியிடம். அதற்காக ஜூலை முழுக்க வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதே வளாகத்தில் பங்கே நடத்தும் ஆங்கில வழிப் பள்ளிக்கு வேன் நிற்கிறது. பங்குப் பேரவை உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வேனில்தான் ஏறுகிறார்கள். மலரில் இதை விட்டுவிட்டு "நூறாண்டு கடந்தும் ஒளிவீசும்" என்று எழுதினால் படிப்பவர்கள் சிரிப்பார்கள்.

வேலை பெரிதில்லை. செல்போனிலேயே பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்கலாம், ஊரில் இதற்கென்றே துடிப்பாக இருக்கும் பையன்கள் உண்டு. படங்களின் பிரதி ஒன்றை மறைமாவட்டத்திலும் ஒன்றைப் பள்ளியிலும் வையுங்கள். பழைய கட்டடத்தை இடித்துப் புதிது கட்டப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால் இதை முடியுங்கள். இடிக்கிற அவசரத்தில் அலமாரியோடு சேர்த்து எடைக்குப் போட்ட பள்ளி ஒன்றை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

என்னிடம் கட்டுரை கேட்டவர்களுக்கு: பதிவேட்டைப் பார்க்க அனுமதியும், உட்கார ஒரு பெஞ்சும் கொடுங்கள், எழுதித் தருகிறேன். வாழ்த்துச் செய்தி மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் படித்த ஒருவன்